பூச்சிக்கு முன் செடியைப் படமெடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்துக் காலம் தள்ளுகிற எனக்கு, அல்ப்ஸ் மலைப் பூச்சியோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் கேட்டவர் என் அக்காதான். அவர் சுவிட்சர்லாந்தில் பேர்ண் மாநிலத்தில் குடியேறி, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்து ஆளாக்கிவிட்டார். அவரிடம் போய்வர விசா எடுக்க நான் பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும், விட்டுவிடுகிறேன். ஒரு கோடைகாலத்தில் போய்ச் சேர்ந்தேன். அக்கா குடும்பம் என்னை ஷினிகே பிளாட்டே என்ற மலைக்குக் கூட்டிக்கொண்டு போனது. இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் வில்டர்ஸ்வில் என்ற ஊரிலிருந்து பற்சக்கர ரயில் ஏறுகிறது. 1893இல் திறந்த பாதை. மேலே உள்ள நிலையத்தின் உயரம் 1,967 மீற்றர். அங்கிருந்து பார்த்தால் ஐகர், மோன்ஷ், யுங்பிரௌ என்று மூன்று சிகரங்களும் வரிசையாகத் தெரியும். வந்த சனம் முழுவதும் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பிக்கொண்டு நிற்க, நான் பாதையோரத்தில் குப்புறப் படுத்திருந்தேன்.

“வெள்ளவத்தையில் இல்லாத பூச்சியா? எழும்பு, சனம் பார்க்கிறது” என்றார் அக்கா.

வெள்ளவத்தையில் இல்லாத பூச்சிதான். சுண்ணாம்புக்கல் சிதறிக் கிடந்த வறண்ட சரிவு. புல் அடர்த்தியாக இல்லை. இடையிடையே மண் தெரிந்தது. அந்த மண்ணோடு ஒட்டிப் படர்ந்திருந்த ஒரு செடியின் அடியிலையை விரலால் தூக்கினேன். கறுப்பாக ஒரு புள்ளி துள்ளி, ஒரு சாண் தள்ளி விழுந்தது. மூன்று மில்லிமீற்றர் இருக்கும். பளபளப்பான கறுப்பு உடம்பு, அதன்மேல் படிந்து கிடந்த வெளிர் மயிர்கள், மஞ்சள் சாயலில் கால்கள். இரண்டாவது துள்ளலில் காணாமல் போய்விட்டது. அந்தச் செடியின் கீழேயே இன்னும் சில இருந்ததால் பிழைத்தேன்.

இனிச் சொல்லப்போவது, இப்படிப்பட்ட ஒரு சிறு செடிப்பூச்சியை யார் என்று கண்டுபிடிக்க என்னென்ன வேண்டும் என்பதுதான். பூச்சியின் கிட்டப்படம் ஒன்று கையில் இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் மாணவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பச்சைப் பின்னணி முழுக்க மங்கிப்போய், நடுவில் பூச்சி மட்டும் மினுங்குகிற படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “மிஸ், இது என்ன?” என்று கேட்பார்கள். அழகான படம். அதை வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உறிஞ்சுகுழலால் குடிக்கும் பூச்சிகள் அடங்கிய ஹெமிப்டெரா வருணத்தில் மிரிடே என்றொரு குடும்பம் உண்டு. செடிப்பூச்சிகளின் குடும்பம். உலகத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 11,000ஐத் தாண்டும். அவற்றில் பல மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவு, கறுப்பு அல்லது பச்சை. உருவத்தை மட்டும் பார்த்து இந்தக் கூட்டத்துக்குள் ஒருவரைத் தேடுவது புறக்கோட்டைச் சந்தியில் மாலை நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்டவரைத் தேடுவது போல. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு வாயில் ருசி உண்டு. ஒன்று அவரைக் குடும்பச் செடிகளை விட்டு நகராது. இன்னொன்று ஒட்டும் மயிருள்ள செடிகளில்தான் குடியிருக்கும். வேறொன்று ஊசியிலை மரத்தை விட்டு இறங்காது. ஆகவே செடியின் பெயர் தெரிந்தால் தேட வேண்டிய பட்டியல் சட்டென்று சுருங்கும். செடி நின்ற மண்ணும் தெரிந்தால் இன்னும் சுருங்கும்.

அதனால்தான் நான் முதலில் எடுப்பது செடியின் படம். “பூச்சி பறந்துவிடும், செடி எங்கே போகப்போகிறது?” என்று என் பெறாமகன் கேட்டான். செடி எங்கும் போகாது, நான்தான் கொழும்புக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்க்க இன்னொரு விசா வேண்டும். பூச்சி துள்ளி ஓடினால் பக்கத்துச் செடியில் அதன் உறவுக்காரர் யாராவது இருப்பார்கள். செடியைப் படமெடுக்காமல் வந்துவிட்டால் அந்த இழப்பை எதாலும் ஈடுசெய்ய முடியாது.

செடியைப் படமெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பூவை மட்டும் எடுத்தால் போதாது. முழுச்செடி, அடியிலை, தண்டிலுள்ள இலை, இலையின் கீழ்ப்பக்கம், பூவின் புல்லிவட்டம் என்று தனித்தனியாக வேண்டும். ஷினிகே பிளாட்டேயில் எனக்கு ஒரு வசதி இருந்தது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1920களின் கடைசியில் அமைத்த அல்பைன் தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். அதோடு, எந்தச் செடி எந்தச் செடியோடு சேர்ந்து வாழுமோ அப்படியே கூட்டமாக வளரவிட்டிருக்கிறார்கள். முதலில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துப் பெயர்களை மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு வெளிச்சரிவுக்குப் போவது நல்லது. நான் இலையைத் தூக்கிப் பார்த்த செடிக்கு மஞ்சள் பூங்கொத்து. ஒவ்வொரு பூவின் புல்லிவட்டமும் ஊதினாற்போல் உப்பி, வெள்ளை மயிர் போர்த்தியிருந்தது. அந்திலிஸ் வல்னரேரியா. அவரைக் குடும்பம். சுண்ணாம்பு மண்ணும் வெயிலும் இருந்தால் சந்தோஷமாக வளர்கிற செடி.

செடிக்கு அடுத்தது நிலம். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மண் ஈரமா வறட்சியா, கல்லா புல்லா, பூச்சி பூவில் இருந்ததா தண்டில் இருந்ததா தரையில் இருந்ததா, நேரம் என்ன, வெயிலா மேகமா. இதையெல்லாம் அங்கேயே எழுதிவிட வேண்டும். நான் கைத்தொலைபேசியில் என் குரலிலேயே பதிவு செய்துவிடுவேன். விரல் குளிரில் விறைத்துப்போனால் எழுத வராது. கைத்தொலைபேசி காட்டும் உயரத்தை மலையில் அவ்வளவு நம்ப வேண்டாம். நிலையத்திலோ வழிகாட்டிப் பலகையிலோ எழுதியிருக்கும் உயரத்தையும் குறித்துக்கொண்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மண்ணின் ஈரம் சிறிய விடயம் போலத் தோன்றும். அது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு அதே மலையிலேயே உதாரணம் உண்டு. பனி உருகி நீர் கசிகிற ஈரமான இடங்களில் சால்டிடே என்ற வேறொரு குடும்பப் பூச்சிகள் திரியும். அவையும் சிறியவை, கறுத்தவை, துள்ளுபவை. ஓடுகிற வேகத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் சால்டிடே ஈரத்தை நம்பி, மற்றச் சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்று வாழ்பவை. என் பூச்சி இருந்த இடத்தில் கையை அழுத்தினால் புழுதிதான் ஒட்டியது. அந்தப் புழுதி பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது.

தரையோடு ஒட்டி வாழ்வதற்கும் காரணம் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று சில்லென்று இருந்தாலும், வெயிலேறிய தெற்குச் சரிவில் மண்ணின் மேற்பரப்பு காற்றைவிட 20 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாவதுண்டு. படுத்திருந்த எனக்கு நெஞ்சுப்பக்கம் கதகதப்பாகவும் முதுகுப்பக்கம் குளிராகவும் இருந்தது. மூன்று மில்லிமீற்றர் உயிருக்கு அந்தக் கதகதப்பு அடுக்குத்தான் முழு உலகமும். கறுப்பு உடம்பு வெயிலைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். ஓர் அடி மேலே எழும்பினால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மலைப்பூச்சிகள் பலவற்றில், அதிலும் பெண்களில், இறக்கை குறுகிப்போயிருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

பிறகுதான் பூச்சி. மேலிருந்து எடுத்த ஒரு படம் போதாது. பக்கவாட்டுப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். முகத்தை நேராகக் காட்டுகிற படமும், முடிந்தால் வயிற்றுப் பக்கமும் வேண்டும். நான் வைத்திருப்பது கைத்தொலைபேசியில் கவ்விக்கொள்ளும் சிறிய வில்லை ஒன்றும், புறக்கோட்டையில் கடிகாரம் திருத்துபவர்களுக்கு விற்கிற உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றும்தான். வயிற்றுப் பக்கத்துக்கு, மருந்து வருகிற ஒளிபுகும் சிறிய குப்பி. பூச்சியை மெதுவாக அதற்குள் ஏற வைத்து, நிழலில் சிறிது நேரம் வைத்தால் ஆட்டம் அடங்கும். கீழிருந்து படமெடுத்துவிட்டு அதே செடியடியில் விட்டுவிட வேண்டும். குப்பியின் அடியில் ஒரு மில்லிமீற்றர் கோட்டுத்தாள் துண்டை ஒட்டி வைத்திருந்தால் அளவும் கூடவே கிடைத்துவிடும். அளவு என்பது தலையின் முன்விளிம்பிலிருந்து உடம்போ இறக்கையோ முடியும் இடம் வரை. உணர்கொம்பைச் சேர்க்கக் கூடாது.

குப்பியோடு வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை வரும். வேண்டாம். நம் நாட்டில் அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் செய்தித்தாளே சாட்சி. 2020இல் யால தேசியப் பூங்காவில் பூச்சிகளைக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு பிடிபட்ட வெளிநாட்டவர் இருவருக்கு, 2024இல் ஆறு கோடி ரூபாய் தண்டம் விதித்தது நீதிமன்றம். அனுமதிப்பத்திரம் உள்ள ஆய்வாளர் வேறு, நாம் வேறு. அந்த வேறுபாட்டை மறக்காமல் இருப்பது நல்லது.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை தொடங்கியது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிற செயலி ஒன்றில் பெறாமகன் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தான். அது தெள்ளு வண்டு என்று சொல்லியிருந்தது. செயலியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தெள்ளு வண்டும் கறுப்பு, தெள்ளு வண்டும் துள்ளும், தெள்ளு வண்டுக்கும் பின்தொடை தடித்திருக்கும். மேலிருந்து எடுத்த படம் ஒன்றை மட்டும் கொடுத்தால் அது வேறென்ன சொல்லும்?

வண்டா, செடிப்பூச்சியா என்பதைப் பக்கவாட்டுப் படம் உடனே தீர்த்துவிட்டது. வண்டுக்குக் கடிக்கும் தாடை. இதற்கோ தலையின் கீழிருந்து புறப்பட்டு, கால்களின் அடிக்கு நடுவே பின்னோக்கி மடிந்து கிடக்கிற மெல்லிய உறிஞ்சுகுழல். உணர்கொம்பை எண்ணினாலும் போதும். செடிப்பூச்சிக்கு நான்கு துண்டங்கள், வண்டுக்குப் பெரும்பாலும் பதினொன்று. வண்டின் முன்னிறக்கைகள் இரண்டும் நடுமுதுகில் நேர்கோடாகச் சந்திக்கும். செடிப்பூச்சிக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஆனால் இறக்கை குறுகிய பூச்சிகளில் இந்தக் கடைசி அடையாளம் ஏமாற்றிவிடும். துள்ளுகிற செடிப்பூச்சிகள் சிலவற்றின் குட்டை இறக்கைகள் வண்டின் இறக்கைபோலவே குவிந்து, நடுவில் சந்தித்து நிற்கும். அதனால்தான் குழலைத் தேடச் சொல்கிறேன்.

அடுத்த கேள்விதான் மலைப்பூச்சிகளில் உண்மையிலேயே சிக்கலானது. இறக்கை குட்டையாக இருக்கிறதே, இது வளர்ந்த பூச்சியா, இளம்பூச்சியா? செடிப்பூச்சிகளுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வருகிற குஞ்சு பார்வைக்குத் தாயைப் போலவே இருக்கும், தோலை உரித்து உரித்து ஐந்து படிகளில் வளரும். கடைசிப் படிகளில் இறக்கை மொட்டுகள் தெரியும். அந்த மொட்டையும் வளர்ந்த பூச்சியின் குட்டை இறக்கையையும் படத்தில் பிரித்தறிவது லேசல்ல. நான் பார்த்தது இரண்டு இடங்களை. ஒன்று பாதம். வளர்ந்த செடிப்பூச்சியின் பாதத்தில் மூன்று துண்டங்கள், இளம்பூச்சியில் இரண்டு. மற்றது முதுகு. இளம்பூச்சியின் வயிற்று முதுகில் நாற்றச் சுரப்பியின் வாய் தெரியும். வளர்ந்த பூச்சியில் அந்த வேலை நெஞ்சின் பக்கவாட்டுக்கு மாறிவிடும். குப்பிக்குள் எடுத்த படங்களில் ஒன்றில் பாதம் தெளிவாக விழுந்திருந்தது. மூன்று துண்டங்கள். வளர்ந்ததுதான்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் வீணாக அலைய வேண்டிவரும். ஏனென்றால் குடும்பத்தைக் கண்டுபிடிக்கிற முக்கிய அடையாளங்களில் ஒன்று, தலை உச்சியிலுள்ள எளிய கண்கள். நிலத்தில் திரிகிற மற்றச் சிறு ஹெமிப்டெராக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவை உண்டு, சால்டிடேக்கும் உண்டு. மிரிடேயில் ஒரு சிறு பிரிவைத் தவிர யாருக்கும் இல்லை. ஆனால் இளம்பூச்சிகளுக்கு எந்தக் குடும்பமானாலும் எளிய கண்கள் இருக்காது. ஆகவே வளர்ந்ததா என்று உறுதிசெய்யாமல் “எளிய கண் இல்லை, எனவே மிரிடே” என்று போனால் இணைக்கவர்ச்சுட்டியின், அதாவது இரண்டிரண்டு தெரிவுகளாகப் பிரித்துப் பெயரைக் கண்டுபிடிக்கும் அட்டவணையின், அடுத்த படியிலேயே வழி தவறிவிடும். மிரிடேயின் இன்னோர் அடையாளம், முன்னிறக்கையின் வெளிவிளிம்பில் ஒரு சிறு முக்கோணத் துண்டு தனியாக மடிந்து இருப்பது. அதற்குப் பின்னால் உள்ள மெல்லிய படலத்தில் நரம்பால் மூடிய அறைகள் இருக்கும். என்னிடம் இருந்த படங்களில் ஒரு பூச்சிக்கு இறக்கை ஓரளவு நீளமாக இருந்தது. அதில் அந்த முக்கோணம் தெரிந்தது. ஒரே செடியடியில் குட்டை இறக்கையும் நீள இறக்கையும் சேர்ந்திருப்பது இந்தக் குடும்பத்தில் வழமை. அதனால் ஒன்றைப் படமெடுத்துவிட்டு எழும்பிப் போய்விடக் கூடாது. அக்கா பொறுமையிழந்து தேநீர் குடிக்கப் போன நேரம்தான் எனக்கு அந்த நீள இறக்கைக்காரர் கிடைத்தார்.

மிரிடே, கறுப்பு, மூன்று மில்லிமீற்றர், துள்ளல். இப்போது இரண்டு சாதிகள், அதாவது குடும்பத்துக்குக் கீழே, இனத்துக்கு மேலே உள்ள பிரிவுகள், எதிரெதிரே நின்றன. ஒன்று ஹால்டிகஸ், மற்றது கிளமிடாட்டஸ். இரண்டும் ஐரோப்பாவில் உண்டு, இரண்டும் துள்ளும். குடும்பத்துக்குள் இவை இரண்டும் வெவ்வேறு உபகுடும்பங்களைச் சேர்ந்தவை. அதைத் திட்டமாகச் சொல்ல, நுணுக்குக்காட்டியின் கீழ் நகங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய உறுப்பைப் பார்க்க வேண்டும். படத்தில் அது கிடைக்காது. ஆனால் படத்தில் கிடைக்கிற வேறு இரண்டு இருக்கின்றன. ஹால்டிகஸின் உணர்கொம்பு மயிரிழைபோல மெல்லியது, உடம்பைவிட நீளமானது. என் பூச்சியின் உணர்கொம்பு அவ்வளவு நீளமில்லை. கிளமிடாட்டஸின் வெளிர் நிறக் கணைக்கால்களில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கறுப்பு முள் எழும்பி நிற்கும். படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் கால், புள்ளி, முள், புள்ளி, முள். இரவு பதினொரு மணிக்குத் தனியாகச் சிரித்தேன் என்று சொன்னால் மற்ற ஆசிரியர்கள் நம்புவார்கள், வேறு யாரும் நம்பமாட்டார்கள்.

செடியும் நிலமும் இங்கே சாட்சி சொல்ல வந்தன. வெயில்படும், புல் ஐதான, வறண்ட நிலத்தில், தாழ்ந்த செடிகளின் அடியில் தரையோடு வாழ்வது கிளமிடாட்டஸின் குணம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஹால்டிகஸில் ஒன்றும் அவரைக் குடும்பச் செடிகளுக்கு வரும். வாழிடம் பட்டியலைச் சுருக்கித் தரும், தீர்ப்பைக் காலும் உணர்கொம்பும் எழுத வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டினால்தான் எனக்கு நிம்மதி.

பெறாமகன் தன் படிப்புத் தொடர்பில் அறிமுகமான பூச்சியியலாளர் ஒருவருக்கு முழுத் தொகுப்பையும் அனுப்பி வைத்தான். சரிவின் படம், செடியின் படங்கள், என் குரல் குறிப்பை எழுத்தாக்கிய பக்கம், பிறகு பூச்சி. இரண்டே வரியில் பதில் வந்தது. சாதி சரி. இனம் சொல்ல ஆண் பூச்சி நுணுக்குக்காட்டியின் கீழ் வேண்டும், படத்தில் முடியாது. அதோடு, செடியையும் நிலத்தையும் அனுப்பியதற்கு நன்றி என்று ஒரு வரி. பூச்சிப் படத்துக்கு நன்றி சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

பெறாமகனுக்கு ஏமாற்றம். “இவ்வளவு பாடுபட்டும் முழுப்பெயர் இல்லையா சித்தி?” என்றான். இல்லை. இந்தச் சாதியின் இனங்கள் பல ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும். நிறமும் அளவும் இறக்கை நீளமும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் பல சமயம் கடைசி வார்த்தை. அதற்காக ஒரு பூச்சியைக் கொல்ல எனக்கு அனுமதியும் இல்லை, அவசியமும் இல்லை. படம் எந்தப் படி வரை ஏற்றிவிடுகிறதோ அந்தப் படியில் நின்றுகொள்வதுதான் ஒழுங்கு. தரவுத்தளங்களில் இணையத்துப் படத்தோடு ஒப்பிட்டு ஏறத்தாழ ஒத்துப்போகிறது என்று இனப்பெயரை ஒட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரீட்சையில் ஊகித்து விடை போடுகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். பரீட்சையில் அது அவர்களுடைய புள்ளியை மட்டும்தான் பாதிக்கும். இங்கே அடுத்து வருகிறவர் அந்தப் பெயரை நம்பி இன்னொரு பூச்சிக்கும் அதையே வைத்துவிடுவார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டாள். “மிஸ், ஷினிகே பிளாட்டே 1,967 மீற்றர் என்றால் நுவரெலியாவும் கிட்டத்தட்ட அந்த உயரம்தானே. இந்தப் பூச்சி அங்கேயும் இருக்குமா?”

நுவரெலியா 1,868 மீற்றர். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றரைத் தொடும். எண்ணைப் பார்த்தால் அண்டை வீடுகள். ஆனால் நுவரெலியாவில் வருடம் முழுவதும் கரட்டும் லீக்ஸும் விளைகின்றன. ஷினிகே பிளாட்டேயில் வருடத்தின் பாதிக்குமேல் பனி மூடிக் கிடக்கும், அந்தப் பற்சக்கர ரயில்கூட ஏறத்தாழ ஜூன் முதல் ஒக்டோபர் வரைதான் ஓடும். அங்கே பூச்சிக்குக் கிடைப்பது சில மாதங்கள். அதற்குள் முட்டை பொரித்து, ஐந்து தோல் உரித்து, வளர்ந்து, சேர்ந்து, முட்டையிட்டாக வேண்டும். செடிப்பூச்சிகளில் பெரும்பாலானவை முட்டையைச் செடியின் திசுவுக்குள்ளேயே செருகிவிடும். தாய் இறந்துபோகும், முட்டை பனிக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கும். நம் மலைநாட்டில் இரவுக்குளிர் உண்டு, ஜனவரியில் ஹோர்ட்டன் சமவெளியில் புல்நுனியில் உறைபனியும் விழும். ஆனாலும் மாதக்கணக்கில் நீளும் பனிக்காலம் இல்லை. பிதுருதலாகல உச்சியே 2,524 மீற்றர்தான், அதன் உச்சிவரைக்கும் மரம் வளரும். மரம் வளர முடியாத எல்லைக்கு மேலே இருப்பதைத்தான் அல்பைன் என்கிறோம். வட அல்ப்ஸில் அந்த எல்லை 1,800 முதல் 2,000 மீற்றர் அளவில் வந்துவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள நமக்கு அது எங்கேயோ மேலே, எட்டாத உயரத்தில். ஆகவே உயரத்தை மட்டும் எழுதி வைத்தால் வாழிடத்தை எழுதியதாகாது. அகலக்கோடும் சரிவின் திசையும் மண்ணும் கூடவே வேண்டும்.

மண் எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும் என்பதற்கும் அந்த மலையிலேயே சான்று இருக்கிறது. 1930களில் ஷினிகே பிளாட்டேயின் மேய்ச்சல் நிலத்தில் சில துண்டுகளுக்குச் சுண்ணாம்பு போட்டுப் பரிசோதித்தார்கள். சில வருடங்களில் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அறுபது வருடத்துக்குப் பிறகு பார்த்தபோதும் அந்தத் துண்டுகளில் செடிகளின் சேர்க்கை பக்கத்து நிலத்திலிருந்து வேறுபட்டே இருந்தது. செடி மாறினால் அதைக் குடிக்கிற பூச்சியும் மாறக்கூடும். அடுத்தடுத்து இரண்டு அடி தள்ளி எடுத்த குறிப்புகளைக்கூட ஒன்றாகச் சேர்த்து எழுதாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கொழும்பில் இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொடர்மாடியின் பல்கனியில் இரண்டு தக்காளிச் செடி இருந்தால் போதும். தக்காளித் தண்டைத் தொட்டால் ஒட்டும், அந்த மயிர்களின் நுனியில் பசை இருக்கிறது. மற்றப் பூச்சிகள் அதில் சிக்கித் தவிக்கும்போது, நீண்ட காலும் ஒல்லி உடம்புமாக மூன்று நான்கு மில்லிமீற்றரில் ஒரு பச்சைப் பூச்சி ஒன்றும் நடக்காததுபோல் நடந்து திரியும். வெப்ப நாடுகள் எங்கும் பரவியுள்ள நெசிடியோகோரிஸ் டெனுயிஸ். அதுவும் மிரிடே குடும்பம்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைக் கருக்குகிற தேயிலைக் கொசு என்ற ஹெலோபெல்டிஸ் இதற்குக் கொஞ்சம் நெருங்கிய உறவு. அதன் முதுகில் குண்டூசிபோல் ஒரு முள் நட்டுக்கொண்டு நிற்கும், அதனால் அதை அடையாளம் காண்பது லேசு.

மாணவர் ஒருவர் தன் வீட்டுத் தக்காளியில் இந்தப் பச்சைப் பூச்சியைப் படமெடுத்து அனுப்பி, மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டார். நான் பூச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செடியை மேலிருந்து கீழ்வரை எடுத்து அனுப்பு, இலையைத் திருப்பிக் கீழ்ப்பக்கத்தையும் எடு என்றேன். வந்த படங்களில் இலையின் கீழே வெள்ளை ஈ அப்பிக் கிடந்தது. தண்டில் பழுப்பு வளையம் எதுவும் இல்லை. இந்தப் பூச்சி வெள்ளை ஈயின் குஞ்சையும் முட்டையையும் குடித்துத் தீர்க்கும். மத்தியதரைக்கடல் நாடுகளின் தக்காளிக் கூடாரங்களில் அதற்காகவே இதை விலைக்கு வாங்கி விடுகிறார்கள். இரை தீர்ந்துபோனால் செடியின் தண்டிலேயே வாயை வைக்கும், அப்போதுதான் குத்திய இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும், கொழுந்து தளரும், பூ உதிரும். ஆகவே வெள்ளை ஈ இருக்கும் வரை மருந்தை எடுக்க வேண்டாம், தண்டை மட்டும் வாரத்துக்கொரு முறை விரலால் தடவிப் பார், வளையம் தெரியத் தொடங்கினால் காலையில் செடியைக் குலுக்கிப் பூச்சிகளை ஒரு வெள்ளைத் தட்டில் விழுத்தி அப்புறப்படுத்து என்று பதில் எழுதினேன்.